மோட்டார் நியூரான் நோயும் குளூட்டமேட் ஏற்பிகளும்: கேள்வி பதில்

கேள்வி: குளூட்டமேட் நரம்பைக் கொல்கிறது என்றால் உடல் அதை ஏன் வைத்திருக்கிறது?

அது விஷம் இல்லை. மூளையும் தண்டுவடமும் ஒரு நியூரானை உசுப்பப் பெரும்பாலும் பயன்படுத்துவது குளூட்டமேட்டைத்தான். வேலை முடிந்ததும் பக்கத்து ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதை உறிஞ்சிவிட வேண்டும். மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழியும் நோய்) உள்ள பலரிடம் உறிஞ்சும் புரதமான இஏஏடி2 குறைந்திருப்பது 1990களிலேயே தெரிந்தது. குளூட்டமேட் தேங்கினால் அதைப் பிடிக்கும் நியூரானின் ஏற்பிகளுக்கு ஓய்வே கிடைக்காது.

கேள்வி (மருந்தியல் மாணவி): என்எம்டிஏ ஏற்பியா, ஆம்பா ஏற்பியா, எதில் சிக்கல்?

இரண்டுமே குளூட்டமேட்டைப் பிடிக்கும் ஏற்பிகள். அதிகம் பேசப்படுவது ஆம்பாதான். அதன் நான்கு துண்டுகளில் குளூஏ2 என்பது இருந்தால் கால்சியம் உள்ளே வராது. காரணம் அழகானது. மரபணுவில் ஓர் இடத்தில் குளூட்டமினுக்கான குறியீடு இருக்கிறது. ஆர்என்ஏ ஆனபின் ஏடிஏஆர்2 என்ற நொதி ஒரே ஓர் எழுத்தைத் திருத்துகிறது. உடனே அங்கே குளூட்டமினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்து உட்காருகிறது. ஆர்ஜினினும் நேர்மின்னூட்டம், கால்சியமும் நேர்மின்னூட்டம். வாசலிலேயே தள்ளிவிடும்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் தானாக வரும் ஏஎல்எஸ் (மோட்டார் நியூரான் நோயின் முக்கிய வகை) நோயாளிகளின் மோட்டார் நியூரான்களில் இந்தத் திருத்தம் பல இடங்களில் நடக்கவில்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். அப்புறம் கால்சியம் தாராளமாக நுழைகிறது. அதைப் பிடித்துவைக்கும் பார்வால்புமின், கால்பிண்டின் ஆகிய புரதங்கள் மோட்டார் நியூரான்களில் ஏற்கெனவே குறைவு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா திணறுகிறது, நியூரான் நலிகிறது.

கேள்வி: உணவில் குளூட்டமேட்டை நிறுத்தினால் நோய் குறையுமா?

குறையாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை எளிதில் விடாது. இந்த நோயில் எடை இறங்குவதுதான் ஆபத்து. பத்தியம் வேண்டாம்.

கேள்வி: ரிலுசோல் ஏற்பியை அடைத்துவிடுமா?

ரிலுசோல் இந்த நோய்க்குத் தரும் மருந்து. நேரடியாக அப்படிச் செய்வதில்லை. முக்கியமாக நரம்பு முனையிலிருந்து குளூட்டமேட் வெளிவருவதைக் குறைக்கிறது. அமெரிக்காவில் 1995இல் அனுமதி கிடைத்தது. முதல் சோதனைகளில் கிடைத்த கூடுதல் ஆயுள் சராசரியாக இரண்டு மூன்று மாதம். கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்காமல் அளவைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

கேள்வி: செஃப்ட்ரையாக்சோன் தோற்றுவிட்டதே. குளூட்டமேட் கதையே பொய்தானே? (இன்னொருவர்: ரிலுசோல் வேலை செய்கிறதே, எப்படிப் பொய்யாகும்?)

இருவருமே அவசரப்படுகிறீர்கள். செஃப்ட்ரையாக்சோன் ஓர் ஆன்டிபயாடிக்; எலிகளில் அது இஏஏடி2வைக் கூட்டியது. மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனையில் பலன் இல்லை. நாம் நோயைக் கண்டுபிடிக்கும்போது ஏராளமான நியூரான்கள் ஏற்கெனவே போயிருக்கும். எலியில் எஸ்ஓடி1 மரபணுப் பிழையைப் புகுத்தி நோயை வரவழைக்கிறோம்; மனிதர்களில் சிறு பங்குக்குத்தான் அந்தப் பிழை. ஆகவே ஒரு மருந்து தோற்றதால் கருத்து சாகாது. ரிலுசோல் சோடியம் வாயில்களையும் தடுப்பதால், அதன் சிறு பலன் குளூட்டமேட்டை நிரூபித்துவிடவும் இல்லை. பெரும்பாலான நோயாளிகளின் நியூரான்களில் டிடிபி-43 என்ற புரதம் இடம்மாறிக் கட்டியாகிறது. குளூட்டமேட் தொடக்கமா, நடுவில் சேரும் அடியா என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் இரண்டாவதன் பக்கம். ஆனாலும் அந்த அடி உண்மையானது.

கேள்வி: குளூட்டமேட் உள்ள உணவு...

மேலே சொல்லிவிட்டேன். இது இரண்டாவது தடவை. தயவுசெய்து மேலே படியுங்கள்.

கேள்வி: இணையத்தில் "குளூட்டமேட் தடுப்பு" மாத்திரை விற்கிறார்கள்.

வாங்காதீர்கள். ரிலுசோலுடன் சேர்த்து எதை விழுங்கினாலும் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவின் பேச்சு குழறுகிறது. கண் அசைவு மட்டும் நன்றாக இருக்கிறது, எப்படி?

கண்ணை அசைக்கும் நியூரான்களில் நான் சொன்ன கால்சியம் பிடிக்கும் புரதங்கள் அதிகம். அவை நெடுநாள் தாக்குப்பிடிக்க அது ஒரு காரணம் என்று கருதுகிறோம். கண் பார்வையால் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் கருவியைப் பற்றிப் பேச்சு சிகிச்சையாளரிடம் இப்போதே கேளுங்கள். குரல் இருக்கும்போதே பழகத் தொடங்குவது அப்பாவுக்கு எளிது. அவருடைய குரலையும் பதிவு செய்து வையுங்கள்.