மகன் பருவமடையத் தொடங்கிவிட்டானா? ஹார்மோன் பரிசோதனைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. பையன் பருவமடையத் தொடங்கிவிட்டான் என்பதை எந்த இரத்தப் பரிசோதனையால் அறியலாம், டாக்டர்?

பதில்: பெரும்பாலான பையன்களுக்கு இரத்தப் பரிசோதனையே தேவைப்படாது, அம்மா. அரும்பு மீசையும் குரல் உடைவதும் பிந்தி வருபவை. முதல் மாற்றம் விரைகள் பெரிதாவதுதான். இதை அளக்க, சூரிச் நகரக் குழந்தை மருத்துவர் ஆண்ட்ரியா பிராடர் 1966இல் வெளியிட்ட கருவி ஒன்று உண்டு: 1 மி.லி. முதல் 25 மி.லி. வரை படிப்படியாகப் பெருத்துக்கொண்டே போகும் பன்னிரண்டு நீள்வட்ட மணிகளை ஒரு கயிற்றில் கோத்திருப்பார்கள். ஒரு கையால் விரையையும் மறு கையால் மணியையும் தொட்டு ஒப்பிட்டு, 4 மி.லி. மணியை எட்டிவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று கொள்கிறோம். என் மேசையில் கிடக்கும் இதைப் பார்த்து, ஜபமாலை இவ்வளவு கோணலாக இருக்கிறதே என்று வியந்த பாட்டி ஒருவரும் உண்டு. ஒன்பது வயதுக்கு முன் இந்த அளவை எட்டினாலோ, பதினான்கு வயதாகியும் எட்டாவிட்டாலோதான் ஹார்மோன்களைப் பார்க்க வேண்டிய அவசியம் வருகிறது.

கேள்வி: என் மகனுக்கு எட்டரை வயது. விரைகள் பெரிதாகியிருப்பதாக மருத்துவர் கூறினார். ஆனால் இரத்தப் பரிசோதனையில் எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன் ஆகிய இரு ஹார்மோன்களும் சிறு குழந்தைக்குரிய அளவிலேயே இருக்கின்றன. எதை நம்புவது?

பதில்: இரத்தம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதி தூண்டு ஹார்மோனைத் துடிப்பு துடிப்பாகச் சுரக்க, அதன்பேரில் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரு ஹார்மோன்களையும் வெளியிடுகிறது, எல்.எச். விரையிலுள்ள லேடிக் செல்களைத் தூண்டி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது. பருவத்தின் தொடக்க மாதங்களில் இந்தத் துடிப்புகள் பையன் உறங்கும்போதுதான் வலுவாக எழுகின்றன. விடியற்காலையில் உச்சத்திலிருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பகலில் இறங்கிவிடுகிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளையிடம் மாலை நான்கு மணிக்கு எடுத்த இரத்தத்தை வைத்து ‘எல்லாம் இயல்பு’ என்று நானே ஒருமுறை அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் காலை ஏழரை மணிக்கு எடுத்த இரத்தத்தில் முற்றிலும் வேறு எண்ணைக் கண்டு வெட்கப்பட்டிருக்கிறேன்.

நுண்ணளவையும் காட்டும் நவீன முறையில், காலை எல்.எச். லிட்டருக்கு 0.3 யூனிட்டுக்கு மேலிருந்தால் மூளையின் தூண்டல் தொடங்கிவிட்டது என்று பொதுவாகக் கருதுகிறோம். அதற்குக் கீழே இருந்தும் ஐயம் நீங்காவிட்டால், தூண்டு ஹார்மோனை ஊசியாகச் செலுத்தி, குறிப்பிட்ட இடைவெளிகளில் இரத்தம் எடுத்துப் பார்ப்போம், எல்.எச். ஏறத்தாழ 5 யூனிட்டைத் தாண்டினால் ஐயம் தீர்ந்தது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை சற்று மாறும். ஒன்பது வயதுக்கு முன் மூளையின் தூண்டலால் பருவம் தொடங்கியது உறுதியானால், ஆண் பிள்ளைகளுக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். பெண் பிள்ளைகளைவிட இவர்களிடம் கட்டி போன்ற காரணங்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன.

கேள்வி: டெஸ்டோஸ்டிரோன் மட்டும் உயர்ந்து எல்.எச். தாழ்ந்திருந்தால்?

பதில்: காலையில் எடுத்த இரத்தத்திலும் அப்படியே இருந்தால், பிட்யூட்டரியின் ஆணையில்லாமல் ஹார்மோன் வேறெங்கிருந்தோ சுரக்கிறது என்று பொருள். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறு, எல்.எச். போலவே விரையைத் தூண்டும் எச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரக்கும் கட்டி, விரையின் தன்னிச்சையான சுரப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். இதில் தாமதம் கூடாது.

கேள்வி: வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

பதில்: எல்.எச். மட்டும் பார்க்க வெறும் வயிறு தேவையில்லை. டெஸ்டோஸ்டிரோன் உணவுக்குப் பின் சற்றுக் குறையும். எனவே சாப்பிடாமல் வருவது நல்லது.

கேள்வி: எட்டு வயது மகனுக்கு வியர்வை நாற்றமும் பிறப்புறுப்பருகே சில முடிகளும் வந்திருக்கின்றன. இதுவும் பருவம்தானே?

பதில்: பெரும்பாலும் அன்று. விரைகள் 2 மி.லி. அளவிலேயே இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியானால் விழித்திருப்பது அட்ரினல் சுரப்பி மட்டுமே. அதன் அடையாளமான டி.எச்.இ.ஏ. சல்ஃபேட் என்ற ஹார்மோன் ஆறு முதல் எட்டு வயதுக்குள்ளாகவே உயரத் தொடங்கும். அது உயர்ந்திருப்பதைக் கொண்டு பருவம் வந்துவிட்டதாக முடிவு கட்டக் கூடாது. உயரம் திடீரென்று கூடினாலோ, ஆண்குறி மட்டும் பெரிதானாலோ தாமதியாமல் வாருங்கள்.

கேள்வி: பதினாலரை வயதாகியும் என் மகனுக்கு ஒரு மாற்றமும் இல்லை. நானும் கல்லூரியில்தான் வளர்ந்தேன். காத்திருக்கலாமா?

பதில்: நீங்கள் பிந்தி வளர்ந்தவர் என்பது மிக முக்கியமான தகவல். பிந்தும் பையன்களில் பெரும்பாலோர் இப்படிக் குடும்பவாகில் தாமதமாகிறவர்கள். சிலருக்கு மட்டும் மூளையின் தூண்டல் பிறவியிலேயே குறைந்திருக்கும். இரு சாராரிடமும் எல்.எச். ஒன்றுபோல் தாழ்ந்தே இருப்பதால், அதை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. இங்கேதான் விரையிலுள்ள செர்டோலி செல்கள் சுரக்கும் இன்ஹிபின் பி என்ற ஹார்மோன் உதவுகிறது: அது மிகக் குறைவாக இருந்தால் பிறவிக் குறைபாட்டின் ஐயம் வலுக்கும், ஓரளவு இருந்தால் தாமதம்தான் என்று நம்ப இடமுண்டு. எனினும் இரு சாராரின் அளவுகளும் சிறிது ஒன்றன்மேல் ஒன்று படிவதால், இதையும் இறுதித் தீர்ப்பாகக் கொள்வதில்லை. இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதையும் பார்ப்போம். அவனுக்கு மல்லிகையோ காப்பியோ மணக்கிறதா என்று வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். தூண்டல் பிறவியிலேயே குறைந்தவர்களில் சிலருக்கு வாசனையும் தெரியாது; அவனும் அப்படி இருந்தால் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வகுப்பில் கேலி செய்வதால் அவன் மனம் வாடுகிறது என்றால், சில மாதங்களுக்குக் குறைந்த அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுவதுண்டு. ஊசியை நிறுத்தியபின் விரைகள் தாமாகவே வளர்கின்றனவா என்று அதே மணிக்கயிற்றால் அளந்து பார்ப்போம்.