தலவாக்கலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி. ‘ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) பார்த்து ஊசி’ போடச் சொல்கிறார்கள். அது வைத்தியமா, பரிசோதனையா?

இரண்டும்தான். மலையில் ஏறும்போது சமாளிக்கிறார், கொழுந்துச் சுமையோடு இறங்கும்போது முடியவில்லை, எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். வலி அதிலிருந்துதான் வருகிறதா என்பது எக்ஸ்ரேயில் தெரியாது.

ஊசியில் இரண்டு மருந்து சேரும். பெரும்பாலும் 1 சதவீத லிடோகெயின் 4 மி.லீ., ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்ட் 40 மி.கி. லிடோகெயின் சில நிமிடங்களில் விறைக்க வைத்து, ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் போய்விடும். பரிசோதனை அதுதான். ஸ்டீராய்ட் வைத்தியம்.

விறைத்த பிறகும் வலி குறையாவிட்டால், வலி மூட்டுக்குள்ளிருந்து வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மருந்து மூட்டுக்குள்தான் போனது என்பது உறுதியாக இருக்க வேண்டும். பக்கத்துக் கொழுப்பில் இறங்கியிருந்தால் முடிவே பிழைத்துவிடும். ஸ்கேன் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். நீர் கோத்து நன்றாக வீங்கிய முழங்காலுக்கு, வைத்தியத்துக்காக மட்டும் என்றால், பழகிய கை ஸ்கேன் இல்லாமலும் போட்டுவிடும்.

மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலுக்கடியில் சுருட்டிய துவாய் வைத்து 20–30 பாகை மடக்குவார்கள். முழங்கால் சில்லுக்கு மேலே புரோபை, அதாவது ஸ்கேனில் தோலின் மேல் வைக்கும் கைக்கருவியை, வைத்தால், திரையில் தொடைத் தசைநாருக்கும் எலும்புக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கீற்று தெரியும். அது மூட்டின் மேற்பை. நீர் குறைவென்றால் தெரியாது. தொடையை இறுக்கச் சொன்னால் விரிந்து தெரியும். பிறகு புரோபைக் குறுக்காகத் திருப்பி, காலின் வெளிப்பக்கமிருந்து 21 அல்லது 22 கேஜ் தடிப்புள்ள ஊசியைச் செலுத்துவார்கள். ஊசி முழு நீளத்துக்கும் வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும். நுனி தெரியாமல் தள்ளக் கூடாது. மருந்து சரியாகப் போனால் பை விரியும், சிரிஞ்ச் இலகுவாக இறங்கும். நுனியில் மருந்து திரண்டு, கைக்கு இறுக்கமாக இருந்தால் ஊசி கொழுப்பில் நிற்கிறது. இடத்தை மாற்ற வேண்டும்.

நீர் இருந்தால் முதலில் அதை எடுப்பார்கள். கலங்கலாக வந்தால் அன்று ஸ்டீராய்ட் போடவே கூடாது. கிருமி இருக்கிறதா என்று பார்க்க நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

பல இடங்களில் விட்டுவிடுவது இதற்கடுத்த அரை மணித்தியாலத்தைத்தான். ஊசிக்கு முன் அம்மா படியில் இறங்கி, வலி பத்துக்கு எத்தனை என்று சொல்லட்டும். போட்டு 15–20 நிமிடம் கழித்து அதே படியில் மறுபடி இறங்கட்டும். பாதிக்கு மேல் குறைந்தால் வலி மூட்டுக்குள்தான். குறையாவிட்டால் முழங்காலின் உள்பக்கம், மூட்டுக்கு மூன்று விரல் கீழே இருக்கும் நீர்ப்பையை அழுத்திப் பாருங்கள் என்று கேளுங்கள். இடுப்பு மூட்டும் முதுகு நரம்பும்கூட முழங்காலில் வலியைக் காட்டும்.

ஸ்டீராய்ட் பிடிக்கச் சில நாள் ஆகும். பலன் சில வாரம், கூடினால் மூன்று மாதம். அதற்குள் மறுபடி போட வேண்டாம். 12 வாரத்துக்கொரு முறை இரண்டு வருடம் போட்டுப் பார்த்து 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது; வலியில் பெரிய வித்தியாசமில்லை. சீனி வருத்தம் இருந்தால் சில நாள் சீனி ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு நாளாவது மலைக்குப் போக வேண்டாம். முதல் ஓரிரு நாள் வலி கொஞ்சம் கூடலாம், ஐஸ் போதும். வலி நாளுக்கு நாள் ஏறி, முழங்கால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் லய வீட்டில் பனடோலோடு காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.