வாங்குவோர் பக்கம்: பழைய காரில் தினமும் அலுவலகம் போகலாமா?

பழைய கார்களைப் பற்றி வந்த கடிதங்கள் குவிந்துவிட்டதால், இம்முறை அவற்றுக்கு மட்டுமே பதில். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: தினமும் 35 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கையில் இரண்டரை லட்சம் ரூபாய் உள்ளது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கான்டெஸா ஆகியவற்றுள் எது நம்பகமானது? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: உங்கள் ஊரில் எந்தக் காருக்குக் கைதேர்ந்த மெக்கானிக் இன்னும் தொழிலில் இருக்கிறாரோ, அந்தக் கார்தான். முதலில் அவரைத் தேடுங்கள். காரைப் பிறகு தேடலாம். மூன்றில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், 1990களில் இசுஸு நிறுவனத்தின் 1,817 சிசி பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியரும் பொருத்தப்பட்டு வந்த அம்பாசடரைச் சொல்வேன். மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்த அந்த உடல் 2014இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நிற்கும்வரை பெரிதாக மாறவேயில்லை என்பதாலும், அரசு அலுவலகங்களும் டாக்சிக்காரர்களும் அதைப் பல்லாண்டுகள் ஓட்டியதாலும், அதன் உதிரிபாகங்களைத் தேடி நீங்கள் அதிகம் அலைய வேண்டியிராது. பழைய 1,489 சிசி என்ஜினும் உழைக்கக்கூடியதுதான். ஆனால் நான்குவழிச் சாலையில் ஒரு லாரியை முந்துவதற்கு அதற்கு நிறைய யோசனை தேவைப்படும்.

பத்மினி ஓட்டுவதற்கு இனியது. 1,089 சிசி என்ஜின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். ஆனால் உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிவிட்டதால், இனிக் கிடைக்கும் உதிரிபாகங்கள் தேங்கிய சரக்கும் உடைத்த கார்களிலிருந்து எடுத்தவையும்தான். கான்டெஸாவின் பிற்கால என்ஜினும் இசுஸுவே என்பதால் என்ஜின் உங்களைக் கைவிடாது. முன்கண்ணாடியோ விளக்கோ உடைந்தால்தான் வண்டி மாதக்கணக்கில் நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தினமும் ஓட்டுவதே நோக்கம் என்றால், 1990களின் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கருவி) கொண்ட மாருதி 800 இவை எல்லாவற்றையும்விட உத்தமம். அழகில்லை, பழமையும் இல்லை என்பீர்கள். 1983 டிசம்பரில் அறிமுகமான காரின் வரிசை அது. நான்கு பத்தாண்டுகளைக் கடந்த ஒன்றைப் பழமை இல்லை என்று யார் சொல்வது? எதை வாங்கினாலும், காருக்கு ஒன்றரை லட்சத்துக்குமேல் கொடுக்காதீர்கள். மீதி டயருக்கும் பிரேக்குக்கும் ஒயரிங்குக்கும் ரேடியேட்டருக்கும் வேண்டும். பதிவுப் புதுப்பிப்புக்கும் வேண்டும்: 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

கேள்வி: 1965ஆம் ஆண்டுக் கார் ஒன்று, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் கூடிய விண்டேஜ் பதிவெண்ணுடன் விலைக்கு வருகிறது. தினமும் ஓட்டலாம் என்கிறார் விற்பவர். (மதுரை வாசகர்)

பதில்: ஓட்டக்கூடாது. 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்காக 2021இல் வந்த விதிகளின்படி, அந்தப் பதிவில் உள்ள கார் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஆய்வுக்கும், எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் மட்டுமே சாலைக்கு வரலாம். விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

கேள்வி: புதிதாகப் பெயின்ட் அடித்த பத்மினி, கண்ணாடி போல் மின்னுகிறது. விலை சற்று அதிகம்தான் என்றாலும் மனம் போய்விட்டது. வாங்கலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: அம்மா, மனம் போனது பெயின்டின்மீது. புதுப் பெயின்ட் அடித்த பழைய காரைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வருவதற்குப் பதிலாகச் சந்தேகமே வருகிறது. அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனியாகச் சட்டகம் கிடையாது. தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புப் பெட்டியும் தூண்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, உடலே சட்டகமாக நிற்கிறது. ஆகவே கதவடியில் துரு பிடித்தால் அதை அழகுக் குறை என்று கருத முடியாது; காரின் முதுகெலும்பே அரிக்கப்படுகிறது. அரித்த தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைப்பது செலவும் நாளும் பிடிக்கும் டிங்கரிங் வேலை. அதைச் செய்யாமல், ஓட்டையில் பட்டியை (ஓட்டையை அடைக்கும் பசையை) அப்பித் தேய்த்து, மேலே பளபளப்பாகப் பெயின்ட் அடித்து, அதற்கு ‘ரெஸ்டோரேஷன்’ என்று பெயரும் சூட்டி, விலையை இரட்டிப்பாக்கும் ஒரு கூட்டம் ஊருக்கு ஊர் வளர்ந்திருக்கிறது. இரண்டு மழைக்காலம் போனால் பட்டி கொப்புளித்துக் கழன்று விழும். அதற்குள் விற்றவரின் கைப்பேசி எண் மாறியிருக்கும். இதே கூட்டத்தில் ஒருவரிடம் நானும் பளபளப்பான பழைய கார் ஒன்றை வாங்கினேன். காலடி விரிப்பைத் தூக்கியபோது சாலை தெரிந்தது.

மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவடியிலும், சக்கர வளைவிலும், டிக்கியின் தரையிலும் வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனாக உள்ள இடத்தில் அது ஒட்டாது. விரிப்புகளைத் தூக்குங்கள்; ஜாக்கி வைக்கும் இடத்தில் உண்மையிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வேலை நடந்தபோது தகடுகளைப் படம் எடுத்து வைத்திருப்பவருக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்கலாம். மங்கிய பழைய பெயின்டும் திடமான தகடும் உள்ள கார் பளபளக்கும் காரைவிட மேல். பெயின்டை நீங்களே பிறகு அடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: காணொளியில் பார்த்துப் பிடித்துப்போய், வேறு மாநிலத்திலிருந்து அம்பாசடர் ஒன்றை முழுப் பணமும் செலுத்தி வரவழைத்தேன். பிரேக் பிடிக்கவில்லை, என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்றும்) வரவில்லை. இப்போது என்ன செய்வது? (சென்னை வாசகர்)

பதில்: இந்தக் கேள்வியைப் பணம் அனுப்புவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். இப்போது எல்லாத் தகவல் பரிமாற்றங்களையும் பாதுகாத்து, என்.ஓ.சி. கேட்டுப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். அந்தச் சான்றின்றி இங்கே மறுபதிவு நடக்காது. பிரேக் சரியாகும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

கேள்வி: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்புரேட்டர் என்ஜினைக் கெடுக்குமா? (சேலம் வாசகர்)

பதில்: என்ஜினுக்கு முன்பே ரப்பரைக் கெடுக்கும். எரிபொருள் குழாய்கள், பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட்டுகள் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் டேங்க் துருப்பிடிக்கும். டேங்கின் பழைய அழுக்கைக் கரைத்தும் கொண்டுவரும். ஆகவே ஒரு ஃபில்டரைக் கைவசம் வையுங்கள். நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிக்கு நேரும் கேடு தினமும் ஓடும் வண்டிக்குக் குறைவு. காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அன்றைய பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தில் ஒரு வியாபாரியிடம் அம்பாசடர் வாங்கினேன். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று உள்ளது. உள்ளே இருப்பது டீசல் என்ஜின். பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகம் மறுக்கிறது. வியாபாரி முகம்கொடுத்துப் பேச மறுக்கிறார். (ஈரோடு, ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: உங்கள்மீது எந்தத் தவறும் இல்லை அம்மா, ஆவணத்தைக் காட்டி வேறொரு பொருளை விற்றவர் அவர். என்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்கீழ் பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும், அது நடக்கவில்லை. என்ஜின், சேசிஸ் எண்களைத் தாளை வைத்துத் தேய்த்துப் பென்சில் அச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த என்ஜின் எண் வேறொரு வண்டிக்கு உரியதாக இருக்கக்கூடும் என்பதால், காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்து ரசீது பெறுவதுதான் முதல் வேலை. அவர் கார் விற்பதையே தொழிலாகச் செய்பவர் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்: 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழையுங்கள். அவர் சமரசத்துக்கு வந்தால், முழுப் பணமும் கைக்கு வரும்வரை மனுவைத் திரும்பப் பெறாதீர்கள்.

கேள்வி: பழைய பத்மினியில் ஏ.சி. பொருத்தலாமா? (வேலூர் வாசகர்)

பதில்: பொருத்தலாம். அதன்பின் மேட்டில் ஏறும்போதெல்லாம் அணைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: என் பழைய காரை விற்றுவிட்டேன். வாங்கியவர் பெயர் மாற்றாமலேயே ஓட்டுகிறார். கையெழுத்திட்ட படிவங்களைக் கொடுத்துவிட்டதால் எனக்குப் பொறுப்பில்லை அல்லவா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பொறுப்பு உண்டு. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்றும், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. விற்ற 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். நாளைக் காலையிலேயே விற்பனை ரசீதின் நகலுடன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுத்துமூலம் தெரிவித்து, முத்திரையிட்ட ஒப்புகையை வாங்கி வையுங்கள். வாங்கியவரையும் உடன் அழைத்துப் போனால் பெயர் மாற்றத்துக்கும் அங்கேயே விண்ணப்பித்துவிடலாம்.