கமெரா பிறகு வாங்கலாம், முதல்ல மைக்

கேள்வி: ஊடகக் கற்கையில முதலாம் வருசம் படிக்கிறன், வீடு பரந்தன் பக்கம். 3 நிமிச வீடியோச் செய்தி ஒண்டு செய்து குடுக்கோணும். எனக்கு எழுதத்தான் வரும், கமெரா பிடிச்சதே இல்லை. கூடப் படிக்கிற பெடியள் சிலர் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துப் பழகினவை, என்னட்ட இருக்கிறது சாதாரண போன். கடன்பட்டாவது கமெரா வாங்கட்டோ?

பதில்: கடன்பட வேண்டாம் தங்கச்சி, அந்தப் போன் காணும். கையில கொஞ்சக் காசு இருந்தா கொலர்ல குத்துற சின்ன மைக் ஒண்டு வாங்குங்கோ. படம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் சனம் பாக்கும், கதைக்கிறது விளங்காட்டித் தள்ளிவிட்டுப் போயிடும். எங்கட பக்கத்துக் காத்தும் தெரியும்தானே, சோளகம் வீசேக்க இரணைமடுக் குளக்கட்டில நிண்டு பேட்டி எடுத்தா போன்ல பதியிறது முழுக்க இரைச்சல்தான், அதைப் பேந்து எடிட்டிங்கில சரிப்படுத்துறது பெரும்பாடு. கட்டுக்குக் கீழ இறங்கி ஒரு கொட்டிலுக்குள்ளயோ மதில் மறைவிலயோ ஆளை இருத்துங்கோ. மைக் வாங்க வழியில்லாட்டி இன்னொரு போனை இரவல் எடுத்து றெக்கோடரைப் போட்டு அவரின்ர சேட் பொக்கற்றுக்குள்ள தலைகீழா வையுங்கோ, ஏனெண்டா கதைக்கிற மைக் போனின்ர அடிப்பக்கத்திலதான் இருக்கு. ரெண்டு போனும் ஓடத் தொடங்கினதும் ஒருக்காக் கை தட்டுங்கோ, எடிட் பண்ணேக்க அந்தச் சத்தத்தை வைச்சு ரெண்டையும் பொருத்தலாம்.

இனிப் படம். சிறுபோக நெல் செய்யிற ஐயா ஒராள் வாய்க்கால்ல மடை திறக்கிறார் எண்டு வைப்பம். தூரத்தில நிண்டு போனை அங்கயும் இங்கயும் ஆட்டாதேங்கோ. மண்வெட்டியைப் பிடிச்ச கை ஒரு ஷொட், வெட்டின இடத்தால தண்ணி பாயிறது ஒண்டு, அவரின்ர முகம், முதுகுக்குப் பின்னால நிண்டு அவர் பாக்கிற வயல், கடைசியா எல்லாம் தெரியிற மாதிரி வைட். ஒவ்வொண்டையும் 10 செக்கன் அசையாமப் பிடியுங்கோ, சூம் வேண்டாம், கிட்ட வேணுமெண்டா நடந்து கிட்டப் போங்கோ. இப்பிடித் துண்டு துண்டா எடுத்தாத்தான் ஒட்டேக்க கதை வரும். கலியாண வீடியோக்காரர் சிலருக்கு இந்தப் பழக்கம் இராது, அவைக்கு நிகழ்ச்சி முழுக்க ஓடோணும், அதால நீங்கள் பின்னுக்கு நிக்கிறீங்கள் எண்டு நினைக்க வேண்டாம்.

எழுத வரும் எண்டது பெரிய பலம், ஆனா குரல்ல "ஐயா மடை திறக்கிறார்" எண்டு வாசிக்காதேங்கோ, அதைக் கண்ணே பாக்குது. போகம் தொடங்க முதல் வைக்கிற சிறுபோகக் கூட்டத்தில எத்தினை ஏக்கருக்குத் தண்ணி தாறம் எண்டு தீர்மானிச்சவை, இவருக்கு எவ்வளவு பங்கு வந்தது, அதைச் சொல்லுங்கோ. 3 நிமிசத்துக்கு 200 சொல்லே அதிகம், மிச்ச நேரத்தைத் தண்ணிச் சத்தத்துக்கும் அவரின்ர பேச்சுக்கும் விடுங்கோ.

கேள்வி: 4கே-யில எடுக்கச் சொல்லினம், போன் நிரம்பிப் போகுது. வகுப்புக்குள்ள எடுத்தாப் படம் துடிக்குது.

பதில்: 4கே-யை விடச் சின்ன அளவான 1080பி காணும் தம்பி, அதுவே போனைப் பொறுத்து நிமிசத்துக்கு 60 இலிருந்து 130 எம்பி மட்டும் பிடிக்கும். துடிக்கிறது டியூப் லைட்டால, எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், போன் கமெராவில எல்லாத்தையும் நாங்களே மாத்திற புரோ மோட்டில ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கன்ல வையுங்கோ.

கேள்வி: காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடுற அம்மா ஒராளை முல்லைத்தீவில பேட்டி எடுக்கப் போறன். அழுறதைக் குளோசப்பில எடுத்தாத்தான் தாக்கம் இருக்கும் எண்டு சொல்லினம். சரியோ?

பதில்: சரியில்லை. 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியில இப்பிடித் தேடுற அம்மாக்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினதில இருந்து எத்தினை கமெராவுக்கு முன்னால அழுதிருப்பினம், அந்தக் கண்ணீரால அவைக்கு என்ன கிடைச்சது? முதல் நாள் போனை வெளிய எடுக்காமப் போய்க் கதையுங்கோ. இந்த வீடியோவை ஆர் பாப்பினம், எங்க போடப் போறீங்கள், முகம் தெரியலாமோ எண்டதெல்லாம் அவவுக்கு விளங்கச் சொல்லிக் கேளுங்கோ. ரெண்டாம் நாள் எடுக்கேக்க, "மகனை எப்ப கடைசியாக் கண்டனீங்கள்" எண்டு தொடங்காமல், இண்டைக்குக் காலமை எழும்பி என்ன செய்தனீங்கள் அம்மா எண்டு தொடங்குங்கோ, எந்த ஒஃபிசுக்கு எத்தினை கடிதம் குடுத்தவ, அதுக்கு என்ன பதில் வந்தது, பஸ்சுக்கு எவ்வளவு செலவழிக்கிறா எண்டதெல்லாம் அப்ப தானா வரும், அதுதான் செய்தி. இடையில அழுதா றெக்கோடை நிப்பாட்டிப்போட்டுப் பக்கத்தில இருங்கோ. எடிட் பண்ணி முடிய அவவுக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ, ஏதும் வேண்டாம் எண்டு சொன்னா அந்தத் துண்டை வெட்டிப்போட்டுத்தான் குடுக்கோணும்.