வின்செஸ்டர் ரைஃபிளில் எது தொழிற்சாலை வேலை?

கேள்வி: அமெரிக்க வின்செஸ்டர் நிறுவனத்தின் 1886 மாடல் ரைஃபிள் ஒன்று விலைக்கு வருகிறது. 24 அங்குல நீளம், எண்கோணக் குழல், பாதி நீள மேகஸின் (குழலுக்கு அடியில் தோட்டாக்கள் அடுக்கும் குழாய்), ஷாட்கன் பட் (பிறை வளைவில்லாத கட்டை முனை). நான்குமே அந்தக் காலத்தில் ஸ்பெஷல் ஆர்டர் கொடுத்துச் செய்தவை என்கிறார் விற்பவர். வாங்கும் முன் நானே சரிபார்க்க முடியுமா? (டெக்சாஸ் வாசகர்)

பதில்: முடியும். முதலில் லீவரை (விசையைச் சுற்றியுள்ள இழுப்புக் கைப்பிடி) திறந்து, சேம்பரிலும் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) மேகஸினிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். அதன் பிறகு அளக்கத் தொடங்கலாம்.

எண்கோணக் குழலுக்கு மயங்க வேண்டாம். விலைப்பட்டியலில் வட்டக் குழலுக்குப் பக்கத்திலேயே இருந்த சாதாரணத் தேர்வு அது. நீளம்தான் கவனிக்க வேண்டியது. 1886 ரைஃபிளின் வழக்கமான குழல் 26 அங்குலம். லீவரை மூடிவிட்டு, மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழல்வாய் வழியாக போல்ட்டின் (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்பு) முகத்தில் முட்டும்வரை விடுங்கள். வாயோடு சேரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, குச்சியை எடுத்து அளந்துகொள்ளுங்கள். ரிசீவரின் (இயக்கப் பாகங்கள் அடங்கிய நடு இரும்புக் கூடு) முன்விளிம்பிலிருந்து அளந்தால் கணக்கு தவறும். சேம்பரின் ஒரு பகுதி உள்ளே மறைந்திருக்கிறது. உண்மையில் 24 அங்குலம் வந்தால் இரண்டே வழி: ஆர்டர் கொடுத்த குழல், அல்லது பிற்பாடு வெட்டிய குழல். வெட்டியதென்றால் முன்குறி உட்காரும் காடி புதிதாக அறுக்கப்பட்டிருக்கும். குழல்வாயின் விளிம்பு உருண்ட விதமும், அங்கே இருக்கும் நீலப்பூச்சும் மற்ற இடங்களோடு ஒத்துப்போகாது.

பாதி மேகஸினுக்குக் குழலைத் தலைகீழாகப் பிடியுங்கள். முழு நீள மேகஸினைக் குழலோடு பிடித்துவைக்கும் வளையம், குழலின் அடிப்பக்கத்தில் வெட்டிய ஒரு டவ்டெயில் காடியில் (அடி அகன்று வாய் குறுகிய பள்ளம்) உட்காரும். பாதி மேகஸினோடு பிறந்த துப்பாக்கிக்கு அந்தக் காடியே தேவையில்லை. யாராவது குழாயை அறுத்துக் குட்டையாக்கியிருந்தால் காடியை இரும்புத் துண்டால் அடைத்து அரம் போட்டு மட்டப்படுத்தியிருப்பார்கள். நேர் வெளிச்சத்தில் அது தெரியாது. டார்ச்சைக் குழலோடு ஒட்டி, பக்கவாட்டில் அடித்தால் மயிரிழை போல இரண்டு கோடுகள் குறுக்கே ஓடுவது தெரியும். இந்த ஒரு சோதனைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மேகஸினைக் குட்டையாக்குவதுதான் ஆகச் சுலபமான ஏமாற்று வேலை.

வழக்கமான ரைஃபிளின் பட் பிளேட் (கட்டையின் பின்முனைத் தகடு) பிறைபோல் வளைந்தது. அதன் மேல்நுனி நாக்குபோல் நீண்டு, கட்டையின் மேற்பக்கத்தில் பதிந்திருக்கும். பிறையை வெட்டிச் சமமாக்கி ஷாட்கன் தகட்டைப் பொருத்தியிருந்தால் இரண்டு தடயம் எஞ்சும்: மேற்பக்கத்தில் அந்த நாக்கு பதிந்திருந்த பள்ளத்தை அடைத்த மரத்துண்டு; கட்டையின் குறைந்த நீளம். விசையிலிருந்து கட்டையின் பின்முனை நடுவரை சுமார் 13 அங்குலம் இருக்க வேண்டும். அதோடு மரமும் இரும்பும் சேரும் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தொழிற்சாலை வேலையில் மரம் இரும்பைவிட இம்மி உயர்ந்து நிற்கும். தாழ்ந்திருந்தால் மணல்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? கோடி நகர அருங்காட்சியகத்தில் அந்தத் துப்பாக்கியின் பழைய பதிவைச் சொல்லும் கடிதம் வாங்கினால் போதும் என்கிறார் நண்பர். (அரிசோனா வாசகர்)

பதில்: கடிதம் அவசியம் வாங்குங்கள், ஆனால் அது போதாது. வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் கிடங்குப் பேரேடுகள் இருக்கின்றன. 1886 மாடலுக்கு 1 முதல் 156599 வரை, 1892க்கு 379999 வரை, 1894க்கு 353999 வரையிலான எண்களுக்குப் பதிவு உண்டு. அதற்குப் பிந்திய எண்ணுக்குக் கடிதம் கேட்டுப் பயனில்லை.

கடிதத்தில் ரைஃபிளா கார்பைனா (குட்டைக் குழல் ரகம்), என்ன காலிபர் (தோட்டா அளவு), குழலின் வடிவம், விசையின் வகை, கிடங்குக்கு வந்த நாள், ஆர்டர் எண் எல்லாம் வரும். வழக்கத்துக்கு மாறானவை மட்டுமே தனியாகச் சொல்லப்படும். ஆகவே மௌனத்தையும் படிக்க வேண்டும்: குழல் நீளம் பற்றி ஒன்றுமே இல்லையென்றால் அது வழக்கமான 26 அங்குலம் என்று பொருள். முந்தைய கேள்வியின் 24 அங்குலக் குழல் கடிதத்தில் வராவிட்டால், அதற்கான விலையைக் கொடுக்க வேண்டாம். 'திரும்ப வந்து பழுது பார்க்கப்பட்டது' என்ற குறிப்பும் தேதியும் இருந்தால் நிதானியுங்கள். சில மாற்றங்களைத் தொழிற்சாலையே பிற்பாடு செய்து கொடுத்தது.

கடிதம் எண்ணுக்குத்தான் சாட்சி, இரும்புக்கு அல்ல. 1873, 1876, 1886 மாடல்களில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருப்பது கீழ்ப்பட்டையில் (விசைக்குப் பின்னால் கட்டையின் அடியில் நீளும் இரும்புப் பட்டை). அது கழற்றக்கூடிய தனித் துண்டு. சிதைந்துபோன ஒரு ஸ்பெஷல் துப்பாக்கியின் கீழ்ப்பட்டையை எடுத்துச் சாதாரண ரிசீவரில் மாட்டிவிட்டு, அந்த எண்ணுக்குக் கடிதம் வாங்கலாம். கடிதத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்காது! கீழ்ப்பட்டையும் ரிசீவரும் சேரும் கோடு, இரண்டின் தேய்மானம், நிறம் ஆகியவை ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்ப்பது இதற்காகத்தான். செட் விசையும் (மிக லேசாகத் தொட்டாலே சுடும்படி அமைக்கக்கூடிய விசை) பிஸ்டல் கிரிப்பும் (கைத்துப்பாக்கி போல வளைந்த பிடி) இதே கீழ்ப்பட்டையைச் சார்ந்தவை. பிஸ்டல் கிரிப்புக்குக் கீழ்ப்பட்டையே வளைந்திருக்க வேண்டும், லீவரும் அதன் வளைவைப் பின்பற்ற வேண்டும். 1892, 1894 மாடல்களில் எண் ரிசீவரின் அடியில் முன்பக்கம் இருப்பதால் இந்த மாற்று வேலைக்கு அங்கே இடமில்லை.

குழல் மாற்றத்துக்கு இன்னொரு சோதனை. முட்டை வடிவக் கோட்டுக்குள் டபிள்யூ, பி என்ற இரண்டு எழுத்துகளும் பின்னிய முத்திரையை 1905 ஜூலையிலிருந்துதான் வின்செஸ்டர் அடித்தது. 1890களில் செய்த ரிசீவரில் அது இல்லாமல் குழலில் மட்டும் இருந்தால், குழல் பிந்தியது. முட்டை வடிவத்துக்குள் பி மட்டும் இருந்தால், அது அஞ்சலில் உதிரியாக வாங்கிய குழல்.

கேள்வி: எனது 1873 மாடலில் வரிசை எண்ணை அடுத்து மூன்று எக்ஸ் இருக்கின்றன. இது 'ஆயிரத்தில் ஒன்று' வகையா? (நியூஜெர்சி வாசகர்)

பதில்: இல்லை. அந்த எக்ஸ் குறி மரத்தின் தரத்தைச் சொல்வது. நல்ல ரேகையோடிய வால்நட் கட்டை போட்ட துப்பாக்கிகளில் வரும். எண்ணுக்குப் பின் ஏ, பி போன்ற ஆங்கில எழுத்து இருந்தால் அதற்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. எக்ஸ் குறி உண்மையா என்பதை மரமே சொல்லும். உயர்ரகக் கட்டையைத் தனியாகப் பொருத்தியதால், பாகங்கள் கலந்துவிடாமலிருக்க ஒரே சிறு எண்ணைக் கீழ்ப்பட்டையின் பக்கவாட்டிலும், கட்டையின் உட்புறத்தில் மேற்பட்டை உட்காரும் பள்ளத்திலும், பட் பிளேட்டின் உட்பக்கத்திலும் அடித்தார்கள். மூன்று இடத்திலும் ஒரே எண் என்றால் மகிழலாம். கட்டையில் எண்ணே இல்லையென்றால் பெரும்பாலும் கட்டை மாற்றப்பட்டிருக்கிறது.

'ஆயிரத்தில் ஒன்று' வேறு சமாசாரம். சுட்டுப் பார்க்கும்போது குறி மிக நெருக்கமாக விழுந்த குழல்களைத் தனியே எடுத்து, செட் விசையும் கூடுதல் மெருகும் கொடுத்து 100 டாலருக்கு விற்பதாக 1875 பட்டியல் அறிவித்தது. அடுத்த நிலைக் குழல்கள் 'நூற்றில் ஒன்று'. பெயர் குழலின் மேற்புறத்தில் செதுக்கப்பட்டிருக்கும். தொடக்கத்தில் எண்ணாலும் பின்னர் சாய்வெழுத்திலும். 1873 மாடலில் இப்படிச் செய்தவை 130 சொச்சம்தான். பேரேட்டில் அந்தச் சொல் இல்லாத எதையும் செதுக்கலை மட்டும் நம்பி ஏற்காதீர்கள்.

கேள்வி: 1886 மாடலில் கேஸ் ஹார்டனிங் (இரும்பின் மேற்பரப்பைக் கடினமாக்கும் முறை) வண்ணம் இருந்தால் ஸ்பெஷலா? (ஓஹாயோ வாசகர்)

பதில்: ஆண்டைப் பொறுத்தது. ஏறத்தாழ 1901 வரை 1886 ரிசீவருக்கு அந்தப் பலவண்ணமே வழக்கம், நீலம்தான் ஆர்டர். பிறகு தலைகீழாகிவிட்டது. கைபடும் பக்கங்களில் வண்ணம் பளிச்சென்றும், முன்கட்டையின் ஓரம் போன்ற மறைவிடங்களில் மங்கியும் இருந்தால் அது புதிய வேலை. பழையது நேர்மாறாகத் தேயும்: கை படாத இடத்தில்தான் வண்ணம் தங்கும்.

கேள்வி: வாங்கியபின் மெருகேற்றலாமா? (டெக்சாஸ் வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன சாட்சிகளெல்லாம் அந்தப் பழைய மேற்பரப்பில்தான் இருக்கின்றன. மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஸ்டீல் உல் கூடாது. திருகைக் கழற்றியே ஆகவேண்டுமானால், காடியின் அகலத்துக்கும் தடிப்புக்கும் சரியாகப் பொருந்தும்படி தட்டையாகத் தீட்டிய திருப்புளியைப் பயன்படுத்துங்கள். ஆப்புபோல் சரிந்த சாதாரணத் திருப்புளி காடியின் ஓரத்தைக் கிழித்துவிடும். கிழிந்த திருகைப் பார்த்ததும் வாங்க வருபவர் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று விலையைக் குறைப்பார்.