கேரிபூ பண்ணையில் வேலை கிடைத்திருக்கும் தம்பிக்கு

தம்பி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் காம்லூப்ஸில் சுற்றுலா மேலாண்மை படிப்பதாகவும், 100 மைல் ஹவுஸ் என்ற ஊர்ப் பக்கம் விருந்தினர் வந்து தங்கும் மாட்டுப் பண்ணை ஒன்றில் கோடைக்கு வேலை கிடைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். குதிரை ஏறியதே இல்லை, சமாளிக்க முடியுமா; மாட்டிறைச்சி சாப்பிடாதவன் அங்கே எப்படி இருப்பது; விருந்தினரோடு உண்மையில் என்னதான் வேலை என்று மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். நானும் 2012இல் அதே காம்லூப்ஸுக்குப் படிக்க வந்தவள்தான். 2014இலிருந்து, 100 மைல் ஹவுஸ் இருக்கும் இந்தக் கேரிபூ பகுதியில்தான் இப்படி ஒரு பண்ணையில் இருக்கிறேன். முதலில் சமையலறை, அப்புறம் விருந்தினர் பொறுப்பு முழுவதும். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்வதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் இந்த வேலை எனக்கு மனதுக்கு நெருக்கமானது.

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

அங்கே இரண்டு தொழில் ஒரே வாசலில் நடக்கிறது. ஒன்று மாடு, மற்றொன்று விருந்தினர். எங்களிடம் சுமார் 250 தாய்ப்பசுக்கள். பெரும்பாலும் ஹெர்ஃபோர்டும் ஆங்கஸும் கலந்தவை, கறுப்பு உடம்பு, வெள்ளை முகம். கோடையில் ஒரு வாரத்துக்கு 24 விருந்தினர் வரை தங்குவார்கள். வான்கூவரிலிருந்து குடும்பங்கள், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து. பணம் கட்டி வருபவர்களின் வசதிக்கு ஏற்ப மாட்டை நடத்த முடியாது. மாட்டின் நாளுக்குள்தான் விருந்தினரைப் பொருத்த வேண்டும். அதை அவர்களுக்கு மனம் நோகாமல் சொல்லிப் புரியவைப்பதுதான் உங்கள் வேலை. படுக்கை விரிப்பதும் தட்டு எடுப்பதும் இரண்டு நாளில் வந்துவிடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜூன் தொடக்கத்தில் பசுவையும் கன்றையும் மேலே மலைக்காட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவோம். அது அரசு நிலம், உரிமம் வாங்கி மேய்க்கிறோம். விருந்தினரும் குதிரையில் கூட வருவார்கள். வருடம் முழுக்க அந்த வாரத்துக்காகக் காத்திருந்து பதிவு செய்பவர்கள் உண்டு. மந்தையின் வேகம் கடைசியில் வரும் சின்னக் கன்றின் வேகம்தான். சத்தம் போடக் கூடாது, விரட்டக் கூடாது. ஒரு வருடம் ஒருவர் உற்சாகத்தில் கூவிக்கொண்டே குதிரையைத் தட்டிவிட்டார். பின்னால் வந்த ஏழெட்டுக் கன்றுகள் மிரண்டு திரும்பி ஓடின. கன்று தாயைத் தவறவிட்டால் முன்னால் தேடாது, கடைசியாகப் பால் குடித்த இடத்துக்கே திரும்பிப் போகும். அன்று எங்களுக்கு அது நான்கு கிலோமீட்டர் பின்னால். கன்றைக் காணோம் என்று தாயும் திரும்பும். ஒரு நிமிடச் சத்தத்துக்கு மூன்று மணி நேரம் போனது.

அதோடு முடியவில்லை. மேய்ச்சல் நிலம் சேர்ந்ததும் மாட்டை விட்டுவிட்டு வந்துவிட முடியாது. ஒவ்வொரு பசுவும் தன் கன்றைக் கண்டுபிடித்து, முகர்ந்து, பால் கொடுக்கும்வரை சுற்றி நின்று காவல் காக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். விருந்தினருக்கோ பசி, இடுப்பு வலி, கொசு. “இன்னும் எதற்கு நிற்கிறோம், சாப்பாடு ஆறு மணிக்குத்தானே” என்றார்கள். அப்போது நான் ஒரு அம்மாவையும் அவர் மகளையும் கூப்பிட்டு, காதில் 47 என்று வில்லை போட்ட பசுவைக் காட்டினேன். அது ஒவ்வொரு கன்றாக முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தொண்டைக்குள்ளேயே ஓர் அடிக்குரல், வாய் திறக்காமல் அழைப்பது. கொஞ்ச நேரத்தில் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு கன்று எழுந்து ஓடி வந்து மடியில் முட்டியது. 47 தலையைத் திருப்பி அதன் வாலடியை முகர்ந்து, நக்கியது. அவ்வளவுதான். அதன்பின் அந்தப் பெண் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை, அடுத்த ஜோடியைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அன்று சாப்பாடு எட்டு மணிக்கு. யாரும் குறை சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் காக்கவைத்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

குதிரை பற்றிக் கவலை வேண்டாம். விருந்தினர் பக்கம் வேலைக்கு எடுப்பவர்கள் முதல் வாரமே கற்றுத்தருவார்கள். இடது பக்கமிருந்து ஏறுவது, பின்பக்கமாகப் போகாமல் தோளோரம் குரல் கொடுத்துக்கொண்டே நெருங்குவது, குதிகாலைக் கீழே அழுத்தி உட்காருவது. வயிற்றுப் பட்டையை ஒருமுறை இறுக்கிவிட்டு, பத்தடி நடத்திவிட்டு, மறுபடி இறுக்க வேண்டும். குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும், நடந்தால் பட்டை தளர்ந்துவிடும். இதை மறந்தால் சேணம் சரிந்து ஆள் விழுவார். விருந்தினரிடம் “எவ்வளவு பழக்கம்” என்று கேட்டால் பாதிப் பேர் கூட்டித்தான் சொல்வார்கள். அவர்கள் குதிரைப் பக்கம் போகும்போது கை எங்கே போகிறது என்று பாருங்கள். பழகியவர் கை கழுத்துக்குப் போகும். பழகாதவர் கை மூக்குக்கு நேராகப் போகும். தலைக்கவசம் வேண்டாம் என்பவரிடம் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேய்ச்சல் வேலியின் வாயிற்கதவு ஒன்றை மட்டும் உயிர் போனாலும் மறக்கக் கூடாது. திறந்திருந்தால் திறந்தே விட வேண்டும், மூடியிருந்தால் மூடிவிட்டுத்தான் போக வேண்டும். நல்லெண்ணத்தில் யாரோ மூடிவிட்ட கதவால் மாடுகள் ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நாள் எப்படிப் போகும் என்றால், குதிரை ஆட்கள் ஐந்து மணிக்கே மேய்ச்சலிலிருந்து குதிரைகளை ஓட்டி வந்துவிடுவார்கள். சமையலறை ஆறுக்கு. காலைச் சாப்பாடு ஏழரை, சவாரி ஒன்பதரை, மதியம் இன்னொன்று. உங்கள் ஷிஃப்ட் பெரும்பாலும் இரண்டாக உடைந்திருக்கும், காலை ஆறிலிருந்து பதினொன்று, மாலை நாலரையிலிருந்து எட்டரை. நடுவில் கிடைக்கும் நேரத்தில் தூங்குங்கள். இரவு நெருப்பு மூட்டி உட்காருவது விருந்தினருக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஜூலை பாதியில் காடு காய்ந்தால் மாகாணம் தடை போட்டுவிடும், ஒரு குச்சி கூடக் கொளுத்த முடியாது. அந்தத் தடையைப் பற்றிக் கேள்வி கேட்பவர்களுக்கு 2017ஐப் பற்றிச் சொல்லுங்கள். அந்த ஜூலையில் 100 மைல் ஹவுஸ் ஊரையே காலி செய்தார்கள். அஷ்கிராஃப்ட் அருகே பிடித்த எலிஃபன்ட் ஹில் தீ மட்டும் 1,90,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தது. நாங்கள் விருந்தினரைக் காரில் ஏற்றி வடக்கே பிரின்ஸ் ஜார்ஜுக்கு அனுப்பினோம். அப்புறம் ஆளுக்கொரு கத்தரியை எடுத்துக்கொண்டு போய், மாடு தப்பிக்கட்டும் என்று கம்பி வேலியை அறுத்துவிட்டோம். புகையில் எதிரே நிற்கும் குதிரை தெரியவில்லை. ஆகஸ்ட் கடைசியில் மாடுகளைத் தேடிக் கூட்டி எண்ணியபோது பதினொன்று குறைந்தன. இன்றும் வறண்ட காற்று அடித்தால் எனக்குத் தூக்கம் வராது.

இனி இறைச்சி. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, ஆனால் சமைக்கிறேன். வேலை கேட்கும்போதே இதைச் சொல்லிவிட்டேன், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்களும் போய்ச் சேரும் முன்னாலேயே சொல்லுங்கள். எனக்குத் தனியாக ஓர் இரும்புச் சட்டி இருக்கிறது. துவரம் பருப்பும் புழுங்கல் அரிசியும் காம்லூப்ஸ் இந்தியக் கடையில் வாங்கி மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்வேன். ஜூலையிலும் இரவு எட்டு டிகிரிக்கு இறங்கும் ஊர், மாவு புளிக்காது. வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் சின்ன அறையில் வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

சாப்பாட்டை விடக் கடினம் அக்டோபர். கன்றுகளை தாயிடமிருந்து பிரிக்கும் மாதம். 500, 600 பவுண்டு வளர்ந்த கன்றுகள் லாரி ஏறி ஏலத்துக்குப் போகும். மூன்று இரவு, பகல் எதுவும் நிற்காமல் பசுக்கள் கத்தும். எங்கள் வீட்டில் கன்று ஈன்ற பசுவின் சீம்பாலை எடுத்துக் காய்ச்சி வெல்லம் போட்டுக் கொடுப்பார்கள். இங்கே சீம்பால் ஒரு சொட்டு எடுக்க மாட்டார்கள், எல்லாம் கன்றுக்குத்தான். பனியில் பிறந்த கன்றைக் கார் இருக்கையில் வைத்துச் சூடு காட்டிப் பிழைக்கவைப்பார்கள். அதே கன்றை அதே கையால் லாரியில் ஏற்றுவார்கள். முதல் வருடம் நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன். முதலாளி அம்மா மறுநாள் காலை காபி ஊற்றிக்கொண்டே, “எனக்கும் நாற்பது வருடமாகப் பழகவில்லை” என்று மட்டும் சொன்னார். விருந்தினர் யாராவது ஏன் கத்துகின்றன என்று கேட்டால் நான் மழுப்புவதில்லை. கன்றைத் தேடுகின்றன என்று சொல்வேன். பணம் கொடுத்து வந்தவர்களிடம் பொய்யான மாட்டுப் பண்ணையைக் காட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நீங்கள் ஆகஸ்டிலேயே திரும்பிவிடுவீர்கள் என்றாலும் தெரிந்துகொண்டு போங்கள்.

இன்னொன்று. உங்களைப் பார்த்து எந்த ஊர் என்று எல்லோரும் கேட்பார்கள். “இந்தியன்” என்று சட்டென்று சொல்லாதீர்கள், “இந்தியாவிலிருந்து” என்று சொல்லுங்கள். அந்த நிலம் செக்வெப்பெம் என்ற பூர்வகுடி மக்களுடையது. அங்கே பல தலைமுறையாக மாடு மேய்த்துவரும் திறமையான குதிரைக்காரர்களில் அவர்களும் சில்கோட்டின் மக்களும் நிறைய. “இந்தியன்” என்பது அவர்கள்மேல் திணிக்கப்பட்ட வார்த்தை.

பண விஷயத்தைக் கறாராகப் பேசிவிடுங்கள். இந்த மாகாணத்தில் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூனில் மணிக்கு 17.85 டாலர் ஆனது. ஆனால் காகிதத்தில் உங்கள் வேலையை என்னவென்று எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பண்ணைத் தொழிலாளிக்கு மிகைநேரக் கூலி கிடையாது. விருந்தினர் பக்க வேலைக்கு உண்டு, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. நான் முதலில் சேர்ந்த வேறோர் இடத்தில் தட்டு கழுவிய என்னைப் பண்ணைத் தொழிலாளி என்று எழுதியிருந்தார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கூலியிலிருந்து கேட்காமலே பிடித்தார்கள். உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அப்படிப் பிடிக்கக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. டிப்ஸ் எப்படிப் பிரிப்பார்கள் என்றும் கேளுங்கள். வேலைக்காக யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அது சட்டவிரோதம், கொடுக்காதீர்கள். படிப்பு அனுமதியில் இருப்பதால் கல்லூரி நடக்கும்போது வாரம் 24 மணி நேரம்தான் வெளியே வேலை செய்யலாம். உங்கள் பாடத்திட்டத்தில் கோடை முறையான விடுமுறையா என்று கல்லூரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதில் மட்டும் நண்பர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

தனிமை வரும். பக்கத்து வீடு ஏழு கிலோமீட்டர். கிரேஹவுண்ட் பேருந்தும் 2018இல் நின்றுபோனது. கார் உள்ள ஒருவரோடு வாரம் ஒருமுறை ஊருக்குப் போக முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பேசும் நேரத்தைக் காலையில் வையுங்கள். நம் ஊரில் அப்போது இரவு எட்டு, ஒன்பது மணி, அம்மாவும் வேலை முடித்து உட்கார்ந்திருப்பார்.

காம்லூப்ஸிலிருந்து கேஷ் க்ரீக் வந்து 97ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் மொத்தம் 200 கிலோமீட்டர்தான். குதிகால் உள்ள தோல் காலணி ஒன்று, முழுக்கைச் சட்டை, ஒரு கம்பளித் தொப்பி, நல்ல மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காலணியை இப்போதே வாங்கி அறையில் போட்டு நடந்து பழகுங்கள், புதிதாகப் போட்டால் முதல் நாளே கொப்புளம் வரும். விருந்தினர் ஞாயிறு மதியம் வருவார்கள் என்றால் நீங்கள் வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துவிடுங்கள். அந்த மூன்று நாளில் குதிரைகளின் பெயரையும் கதவுகள் இருக்கும் இடத்தையும் கற்றுக்கொண்டுவிடலாம். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள் தம்பி. உங்கள் பண்ணை எங்களுக்குத் தெற்கே என்றால் அரிசியும் பருப்பும் ஊருக்கு வரும்போது சேர்த்து எடுத்து வருகிறேன்.