வாசகர் கேள்வி – பதில்: முன்பள்ளிக் குசினியில் விஞ்ஞானம்

கேள்வி: களுவாஞ்சிக்குடிப் பகுதியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சமையல் வழியாக விஞ்ஞானத்தை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். நுரை பொங்கும் சோதனைகள் ஒரு கைதட்டலோடு முடிந்துவிடுகின்றன. வேறு எதைச் செய்யலாம்?

பதில்: நுரையில் குற்றமில்லை, ஆனால் அது கணத்தில் அடங்கிவிடுவதால், என்ன நடக்கும் என்று பிள்ளை முன்கூட்டியே ஊகிக்கவும், நடந்ததைப் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கவும் நேரம் கிடைப்பதில்லை. மட்டக்களப்பில் இருந்துகொண்டு தயிரை விட்டு வேறெதையும் தேடுவானேன்?

காய்ச்சிய பாலை, விரல் பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 40 பாகை செல்சியசுக்கு ஆறவிட்டு, ஒரே அளவான இரண்டு கோப்பைகளில் சமமாக ஊற்றுங்கள். பிள்ளைகளே ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி தயிரை உறையாக இட்டுக் கலக்கட்டும். ஒன்றைத் துணியால் சுற்றி மேசையில் வையுங்கள்; மற்றதைக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். எந்தக் கோப்பை உறையும் என்று நினைக்கிறார்களோ, அதன் படத்துக்கு அருகே ஒவ்வொருவரும் ஒரு பூவை வைக்கட்டும். இரண்டிலும் பாலும் உறைத் தயிரும் ஒரே மாதிரி இருந்து, சூடு மட்டுமே வேறுபட்டால்தான் காரணம் எது என்று சொல்ல முடியும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

மறுநாள் காலையில் இரண்டையும் மெல்லச் சரித்துப் பார்க்கட்டும். உறையிலுள்ள பற்றீரியாக்கள் பாலின் லக்டோசை லக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலத்தால் பாலின் புரதம் திரண்டு இறுகுகிறது. குளிரில் அவை பெரும்பாலும் செயலற்றிருக்கும். இவ்வளவும் உங்களுக்கு, பிள்ளைகளுக்கோ, கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்கள் தயிரில் இருக்கின்றன, அவற்றுக்கு இளஞ்சூடு வேண்டும் என்பது போதும். உறையாத கோப்பையைக் கொட்டிவிடாமல் வெளியே எடுத்துவைத்து, மீண்டும் ஊகிக்கச் சொல்லுங்கள். சூடேறியதும் அதுவும் மெதுவாக உறைவதைக் காணும்போது, அந்த உயிர்கள் சாகவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். என் கணிப்பில், முதல் நாளைவிட இதுவே பெரிய பாடம்.

பின்னொரு நாளில் மண்சட்டியிலும் கண்ணாடிக் கிண்ணத்திலும் உறையவைத்து ஒப்பிடலாம்; சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சுவதால் அதில் தயிர் கெட்டியாக இருக்கும். சுவைக்கக் கொடுக்குமுன், பால் ஒவ்வாத பிள்ளைகள் உள்ளனரா என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. அடுப்பங்கரைக்கு விடப் பயமாக இருக்கிறது. நெருப்பில்லாமல் ஏதும் உண்டா? (ஒரு தாய், திருக்கோவில்)

பதில்: உண்டு. நீல நிறச் சங்குப்பூக்களை நீங்களே வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் மூன்று கோப்பைகளில் ஊற்றிக் கொடுங்கள். ஒன்றில் மகள் தேசிக்காய்ச் சாற்றைத் துளித்துளியாக விட்டால் நீலம் ஊதாவாகும். இன்னொன்றில் சிறிது அப்பச்சோடாவைக் கலந்தால் பச்சை கலந்த நிறம் தோன்றும். மூன்றாவதை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டுவிடுங்கள். தேசிக்காய் சேர்த்ததைச் சீனியிட்டுக் குடிக்கலாம். சோடா சேர்த்ததை ஊற்றிவிடுங்கள்.